யாருக்குப் போட்டனீங்கள் எண்டு கேக்கேல்ல, ஏன் போட்டனீங்கள்?

திண்ணைவாசி:
2024 செப்ரெம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்சுது, அநுர வெண்டார். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலும் முடிஞ்சு, அநுரவின்ர ஆக்கள் 159 ஆசனத்தோட குந்தியாச்சு. இனி இஞ்ச ஆரும் ஆரின்ரை வோட்டையும் மாத்த ஏலாது. அதால ஆறுதலாக் கதைக்கலாம் எண்டு இழையைத் திறக்கிறன்.

ஜனாதிபதித் தேர்தலில ஆருக்குப் போட்டனீங்கள் எண்டது எனக்குத் தேவையில்லை, காரணம்தான் வேணும். எங்கட வீட்டில நாலு வோட்டு, நாலும் நாலு பக்கம் போனது. அம்மாவுக்கு "சங்கு எங்கட பிள்ளை" (சங்கு எண்டது தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனின்ரை சின்னம்). அப்பாவுக்கு "ரணில் போனா காஸ் வரிசை திரும்ப வரும்". தங்கச்சிக்கு "இவ்வளவு காலமும் ஆண்டவை எல்லாரும் கள்ளர்". நாலாவது ஆள் வாயே திறக்கேல்ல.

ஒரே ஒரு நிபந்தனை. சொல்லுற காரணம் சரிவந்துதோ பிழைச்சுதோ எண்டு பேந்து பாக்கக் கூடியதா இருக்கவேணும். "நல்ல மனுசன்" எண்டா அதை நான் எங்க போய் அளக்கிறது?

ஏன் கேக்கிறன் எண்டா, தமிழ்ச் சனம் கன தரம் "இவன் வரக்கூடாது" எண்டுதான் போட்டிருக்கு. 2010 ஜனவரியில அதின்ரை உச்சத்தைப் பாத்தம். போர் முடிஞ்சு எட்டு மாசம், போரை நடத்தின தளபதி சரத் பொன்சேகாவுக்கே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வாக்குக் கேட்டது. போட்டமும். மகிந்த 57.88 வீதத்தோட வெண்டார். 2015 இல மைத்திரிக்குப் போட்டம், அது வெண்டது. 2018 ஒக்ரோபர் 26 ஆம் திகதி அதே மைத்திரி அதே மகிந்தவைக் கூப்பிட்டுப் பிரதமராக்கினார். தடுக்கிறதுக்குப் போட்ட வாக்கு எதைத் தடுத்தது எண்டு ஆராவது சொல்லுங்கோ.

சோனகத்தெரு:
திண்ணை அண்ணை, தடுக்கிற வாக்கை அவ்வளவு லேசாத் தள்ளிப்போடாதீங்கோ. 2019 இல கோட்டாபய வரக்கூடாது எண்டதுக்காக மட்டும்தான் நான் சஜித்துக்குப் போட்டனான். சஜித்தின்ரை விஞ்ஞாபனத்தில ஒரு வரி வாசிக்கேல்ல. தோத்தம். அடுத்த வருசம் கொரோனா எண்டு சொல்லி எங்கட ஜனாஸாக்களை, செத்த முஸ்லிம் ஆக்களின்ரை உடல்களை, பெட்டியில வைச்சு எரிச்சாங்கள். அடக்கம் செய்யலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கேல்ல. 2021 பெப்ரவரி வரைக்கும் அது நடந்தது.

சரிவந்துதோ பிழைச்சுதோ எண்டு பாக்கக் கூடிய காரணம் வேணும் எண்டனீங்கள் எல்லோ? பாத்தாச்சு. பயந்தது அப்பிடியே நடந்தது.

கோப்பாய்க்காரன்:
சங்குக்குப் போட்டனான். காரணம் சுருக்கம்: கணக்குக் காட்ட. தெற்கில ஆர் வந்தாலும் "வடக்குச் சனத்துக்கு றோட்டும் வேலையும் காணும், அரசியல் தீர்வு அரசியல்வாதிகளுக்குத்தான் வேணும்" எண்டு சொல்லுவினம். அதுக்கு ஒரு இலக்கம் பதிலாக் கிடைக்கவேணும். 226,343 பேர் அரியநேத்திரனுக்குப் போட்டினம். யாழ்ப்பாண மாவட்டத்தில சஜித்துக்கு 121,177, சங்குக்கு 116,688. தமிழரசுக் கட்சி வவுனியாவில கூடி சஜித்துக்கு எண்டு தீர்மானம் எடுத்த பிறகும், பெரிய கட்சி அமைப்பு ஒண்டும் இல்லாம, 4,489 வாக்கு வித்தியாசத்தில இரண்டாமிடம்.

இது புதுசும் இல்லை. 1982 இல முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலயே குமார் பொன்னம்பலம் கேட்டவர். நாடு முழுக்க 2.67 வீதம்தான், ஆனா யாழ்ப்பாணத்தில ஜே.ஆரையும் கொப்பேகடுவவையும் விட அவருக்குத்தான் கூட விழுந்தது.

மட்டுவாவி:
கோப்பாய்த் தம்பி, யாழ்ப்பாணக் கணக்கை மட்டும் காட்டினா எப்பிடி? அரியநேத்திரன் எங்கட ஊர் ஆள், மட்டக்களப்பு முன்னாள் எம்பி. சொந்த மாவட்டத்தில அவருக்கு நாலாமிடம். சஜித், ரணில், அநுர, அதுக்குப் பிறகுதான் சங்கு. ஏன் எண்டு ஆராவது வந்து கேட்டீங்களா?

நான் சொல்றன். சித்தாண்டியில 2023 செப்ரெம்பரில இருந்து மாட்டுக்காரர் கொட்டில் போட்டு றோட்டோரம் இருந்தாங்க. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில வெளியில இருந்து வந்த ஆக்கள் காடு வெட்டிப் பயிர் செய்றாங்க, மாட்டைச் சுடுறாங்க, வாயில வெடி வைக்கிறாங்க. அந்தக் காணி மகாவலி அதிகாரசபைக்குக் கீழ. மகாவலி அதிகாரசபை கொழும்புக்குக் கீழ. மாடு வைச்சிருக்கிற மனுசனுக்கு கொழும்பில கதிரையில இருக்கிறது ஆர் எண்டது நாளைக்குக் காலையில தெரியிற விசயம். அவனுக்கு "இலக்கம் காட்டுவம்" எண்டா, நாளைக்கு என்ர மாட்டைக் காப்பாத்துமா எண்டுதான் கேப்பான். கேட்டான்.

அதோட கிழக்கில பக்கத்து ஊர் முஸ்லிம் ஊர். தமிழ்ப் பொதுவேட்பாளர் எண்டு சொல்லேக்க அவங்கட முகம் எப்பிடி மாறினது எண்டதை யாழ்ப்பாணத்தில இருந்து பாக்க ஏலாது.

கோப்பாய்க்காரன்:
//மாட்டைக் காப்பாத்துமா எண்டுதான் கேப்பான்//
சஜித்துக்குப் போட்டது மாட்டைக் காப்பாத்திச்சுதா, அண்ணை?

மட்டுவாவி:
இல்லை. அவர் வெல்லேல்ல. வெண்டிருந்தா கேக்க ஒரு ஆள் இருந்திருக்கும். சங்கு வெண்டிருக்கவே ஏலாதே.

கொழும்பு 13:
நான் அநுரவுக்குப் போட்ட ஆள். இந்தக் களத்தில இதைச் சொன்னா ஏச்சு விழும் எண்டு தெரியும். என்ர காரணம் தமிழ்க் காரணம் இல்லை. 2022 இல பெற்றோல் வரிசையில ராத்திரி முழுக்க ஓட்டோவுக்குள்ள படுத்த அப்பாவின்ர மகன் நான். அந்த வரிசையில தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் ஒரே வெயிலில நிண்டினம். கோட்டா ஓடினார். அதுக்குப் பிறகு ரணிலை நாங்கள் தெரிவு செய்யேல்ல, பாராளுமன்றத்தில 134 பேர் தெரிவு செய்தினம். அதே 225 பேரில கன பேர் கோட்டாவைக் கொண்டு வந்த ஆக்கள். அந்தக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பவேணும் எண்டுதான் போட்டனான். அனுப்பியாச்சு. திண்ணை அண்ணையின்ரை நிபந்தனைக்கு இது பொருந்துது.

பழைய காகிதம்:
கொழும்புத் தம்பி, ஏச்சு விழாது. ஒரு கேள்வி மட்டும். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைப் பகிர ஒரு பொதுக் கட்டமைப்பு வந்தபோது, 2005 இல் அதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறி நீதிமன்றம் போனது எந்தக் கட்சி? 1987 உடன்படிக்கையால் இணைந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006 ஒக்ரோபரில் வென்றது எந்தக் கட்சி? ஜே.வி.பி. அதன் தலைவருக்கு வாக்களிக்கும்போது இவை உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் இருந்தன?

கொழும்பு 13:
ஐயா, அப்ப எனக்கு மூண்டு வயசு. தெரியாது எண்டு சொல்லேல்ல, வாசிச்சிருக்கிறன். கணக்கில கழிவுப் பக்கம்தான் போட்டனான். ஆனா அந்தக் காலத்தில அந்த வழக்குக்கு எதிரா எங்களுக்காக நிண்ட தெற்குத் தலைவர் ஆர்? சஜித்தின்ரை தகப்பனின்ரை கட்சியா, மகிந்தவா? எல்லாரையும் கழிச்சா மிச்சம் சங்கு மட்டும்தான். சங்கு அரசாங்கம் நடத்தாது.

தேயிலைக்கொழுந்து:
எல்லாரும் வடக்கு, கிழக்கு, கொழும்புன்னு பேசுறீங்க, மலையகத்தைக் கொஞ்சம் கேளுங்க அண்ணே. எங்க தாத்தாவுக்கு வோட்டே கெடையாது. 1948 ல பிரஜாவுரிமையைப் புடுங்குனாங்க. அதனால எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, வோட்டுன்னா கோயில் திருவிழா மாதிரி, யாரும் வீட்ல இருக்க மாட்டாங்க. பகிஷ்கரிப்புன்னு யாராச்சும் வந்து சொன்னா கொழுந்துக் கூடையாலயே அடிப்பாங்க.

எங்க பக்கம் காரணம் ஒண்ணே ஒண்ணு, சம்பளம். 1,700 ரூபான்னு மே தினத்துல ரணில் சொன்னாரு. கம்பனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கடைசியா தேர்தலுக்குக் கிட்ட 1,350 அடிப்படை, 350 கொழுந்து கூட எடுத்தா மட்டும்னு வந்துச்சு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுக்கு, மத்த கட்சித் தலைவருங்க மனோ, திகா, ராதா மூணு பேரும் சஜித்துக்கு. எங்க அம்மா சொன்னது: "ரணில் 1,700 ன்னு சொல்லி 1,350 குடுத்தாரு, சஜித் காணி தர்றேன்னு சொல்றாரு, சொன்னதுல முக்கால்வாசி குடுத்தவருக்குப் போடவா, இன்னும் ஒண்ணும் குடுக்காதவருக்குப் போடவா?" நுவரெலியால சஜித்துதான் முதல்ல வந்தாரு. காணி ஜெயிச்சிருச்சு. லயத்துல இருக்கிறவனுக்கு சொந்தமா பத்து பேர்ச்சஸ் காணிங்கிறது சம்பளத்த விடப் பெருசு.

ரொறன்ரோ குளிர்:
இதெல்லாம் சலுகை அரசியல். ஒரு தேசிய இனம் 1,350 ரூபாய்க்கும் மேய்ச்சல் தரைக்கும் தன்னை விக்கிறதா? முழுத் தமிழரும் பகிஷ்கரிச்சிருந்தா உலகம் திரும்பிப் பாத்திருக்கும்.

தேயிலைக்கொழுந்து:
அண்ணே, நீங்க எந்தத் தொகுதியில வோட்டு?

பழைய காகிதம்:
ரொறன்ரோத் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் பகிஷ்கரிப்பு எனக்குப் புதிதல்ல. 2005 நவம்பர். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 701,938. வாக்களித்தவர் 8,524. நூற்றுக்கு 1.21. அன்று வாக்குச்சாவடி வாசல்களில் வாக்காளரைவிடப் பொலிசார் அதிகம். மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையே வித்தியாசம் 180,786. இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், மகிந்தவுக்குக் கிடைத்தது பாதி வாக்குகளைவிட ஏறத்தாழ 28,600 மட்டுமே கூட.

உலகம் திரும்பிப் பார்த்ததா என்று கேட்டால், பார்த்தது. 2009 இலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ரணில் வந்திருந்தால் எல்லாம் வேறாக நடந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை, அதற்கு யாரிடமும் சான்று இல்லை. ஆனால் பகிஷ்கரிப்பும் ஒரு வேட்பாளருக்கான ஆதரவுதான். முன்னால் நிற்பவர் யாரோ அவருக்கு.

ரொறன்ரோ குளிர்:
அந்த நேரம் புலிகளின்ரை காலம், நிலைமை வேறை. இப்ப தமிழ்த் தேசிய மக்கள் முன்னணித் தலைவர் கஜேந்திரகுமார் சொன்ன பகிஷ்கரிப்பு சனம் தானா எடுக்கிற முடிவு. ரெண்டையும் ஒண்டாக் கதைக்காதீங்கோ.

பழைய காகிதம்:
அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். வாக்குப்பெட்டியின் கணக்கு இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணும்.

வன்னிமகள்:
நான் கொஞ்சம் பிந்தித்தான் வந்தனான். எல்லாரும் பெரிய பெரிய காரணம் சொல்லுறீங்கள், ஜனாதிபதி எண்டவர் எங்கட வாழ்க்கையில எந்தெந்தக் கதவைத் திறந்து மூடுறார் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்ல. வடமாகாண சபை 2013 இல வந்தது, 2018 ஒக்ரோபரில காலம் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. அண்டையில இருந்து எங்களை ஆளுறது ஆளுநர். ஆளுநரை நியமிக்கிறது ஜனாதிபதி. ஆமியிட்ட இருக்கிற காணியை விடச் சொல்லக் கூடியவரும் அவர்தான், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில தண்டனை பெற்று உள்ளுக்கு இருக்கிறவைக்கு மன்னிப்புக் குடுக்கக் கூடியவரும் அவர்தான்.

நான் போட்டது சஜித்துக்கு. தமிழரசு சொன்னதுக்காக இல்லை. மாகாண சபைக்கு அதிகாரம் குடுக்கிற 13 ஆம் திருத்தத்தை நடைமுறைப்படுத்துவன் எண்டு தெற்கு மேடையிலயும் சொன்னவர். கிளிநொச்சியில சொல்லுறது லேசு. சிங்கள ஊரில சொன்னா அங்க வாக்குக் குறையும், குறையும் எண்டு தெரிஞ்சும் ஒருத்தர் சொன்னா அதில கொஞ்சம் உண்மை இருக்கும். அதுதான் என்ர அளவுகோல். ரணிலும் 13 பற்றிக் கதைச்சவர்தான், ஆனா அவர் கதிரையில இருந்துகொண்டே கதைச்சவர். இருக்கேக்க செய்யாதவர் பேந்து செய்வாரோ?

திண்ணைவாசி:
வன்னிமகளின்ரை அளவுகோல் எனக்குப் பிடிச்சிருக்கு. வாக்குறுதி எந்த ஊரில சொல்லப்பட்டது எண்டு பாக்கிறது. நான் இதுவரைக்கும் அப்பிடிப் பாத்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஒரு காரணம், ஒரு ஆள் எண்டே கதைக்கிறீங்கள். வாக்குச்சீட்டில 1, 2, 3 எண்டு மூண்டு பேரை விருப்ப வரிசையில குறிக்கலாம். ரெண்டு காரணத்துக்கு இடம் இருந்தது, மூண்டுக்கும் இருந்தது. அதை ஏன் ஒருத்தரும் தொடேல்ல?

நான் வாக்கெண்ணும் நிலையத்தில முகவரா நிண்டனான். சீட்டு ஒரு முழத்துக்கு மேல நீளம், விரிச்சாத் துணி விரிச்ச மாதிரிக் கிடக்கும். 22 ஆம் திகதி ஒருத்தருக்கும் 50 வீதம் இல்லை எண்டு தெரிஞ்சவுடன, முதல் ரெண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரின்ரை கட்டும் திரும்ப அவிழ்ந்தது. இந்த நாட்டில ஜனாதிபதித் தேர்தலில ரெண்டாவது எண்ணிக்கை நடந்தது அதுதான் முதல்தரம். ஒவ்வொரு சீட்டா எடுத்து, அதில 2 அநுரவுக்கா சஜித்துக்கா எண்டு பாக்கவேணும். பாத்தா, புள்ளடி, ஒருத்தருக்கு மட்டும் போட்ட X. அடுத்தது, புள்ளடி. அடுத்தது 1 மட்டும். திரும்பப் புள்ளடி. 2 போட்ட சீட்டு வந்தா மேசையில இருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பாப்பார்.

நாடு முழுக்க கணக்கைப் பாருங்கோ. முதல் ரெண்டு பேருக்கும் வெளியில விழுந்த செல்லுபடியான வாக்கு 33 லட்சத்துக்கு மேல. அதில ரெண்டாவது எண்ணிக்கையில அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. ரெண்டும் சேர்ந்து 273,131. நூற்றுக்கு எட்டுச் சொச்சம். மிச்சம் 92 பேரும் கடைசித் தெரிவில பங்கெடுக்கேல்ல.

கோப்பாய்த் தம்பி, நீங்கள் சங்குக்கு 1 போட்டு இலக்கத்தைக் காட்டியிருக்கலாம். அதே சீட்டில 2 போட்டு, மட்டுவாவி அண்ணையின்ரை மாட்டுக்காரனின்ரை கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கலாம். 2 போட்டதால 1 இல ஒரு தூசியும் குறையாது.

கோப்பாய்க்காரன்:
எங்கட பக்கம் வந்த பெடியள் "சங்குக்கு மட்டும் போடுங்கோ, வேறை ஒண்டையும் தொடாதீங்கோ" எண்டுதான் சொன்னவை. 2 போட்டா முதல் வாக்கின்ரை அர்த்தம் கரைஞ்சு போகும் எண்டு. அதில நியாயம் இருக்கு. "எங்களுக்கு எங்கட ஆள், ஆனா நீயும் பரவாயில்லை" எண்டு சொன்னா, முதல் சொன்னது ஆருக்குக் கேக்கும்?

அதோட கணக்கிலயும் பாருங்கோ. முதல் எண்ணிக்கையில அநுரவுக்கும் சஜித்துக்கும் வித்தியாசம் 1,271,880. சங்குக்குப் போட்ட அவ்வளவு பேரும் சஜித்துக்கு 2 போட்டிருந்தாலும் ஒண்டும் மாறியிருக்காது.

கணக்குப்பிள்ளை:
வித்தியாசம் 12 லட்சம் எண்டது 22 ஆம் திகதிதான் தெரியும். 21 ஆம் திகதி காலையில ஆருக்குத் தெரியும்? 2005 வித்தியாசத்தைப் பழைய காகிதம் ஐயா மேல எழுதியிருக்கிறார், அதையும் சங்குக்கு விழுந்ததையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

சோனகத்தெரு:
2 போட்டா வாக்குப் பழுதாப் போயிடும் எண்டு எங்கட ஊரில பயந்தவையும் உண்டு. 300,300 சீட்டு நிராகரிச்சதாச் சொல்லுறாங்கள். வயசு போன ஆக்களுக்குப் புள்ளடிதான் பழக்கம். தேர்தல் ஆணைக்குழு பத்திரிகையில படம் போட்டு விளங்கப்படுத்தினது, எங்கட உம்மா பத்திரிகை வாசிக்கிறதில்லை.

வன்னிமகள்:
கணக்குப்பிள்ளை, நீங்கள் சொல்லுறது பேரம் பேச நல்ல ஆயுதம். ஆனா சனம் தனித்தனியாப் போய் 2 போட்டா அது பேரம் இல்லை, விருப்பம் மட்டும்தான். தேர்தலுக்கு முன்னம், "எங்கட 1 எங்கட ஆளுக்கு, எங்கட 2 மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி எழுதித் தாறவருக்கு" எண்டு ஒருத்தர் போய்க் கேக்கவேணும். அந்த ஒருத்தர் ஆர்? தமிழரசு சஜித்துக்கு, அதே கட்சியின்ரை சிறீதரன் சங்கு மேடையில, கஜேந்திரகுமார் பகிஷ்கரிப்பு. ஒரே நாட்டில மூண்டு தீர்மானம். 2 ஐ விக்கப் போறவை முதல் 1 இல ஒற்றுமைப்படட்டும்.

கொழும்பு 13:
ஒரு விசயம் ஒருத்தரும் கதைக்கேல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தில அநுரவுக்கு செப்ரெம்பரில 27,086. நவம்பரில அதே கட்சிக்கு 80,830, ஆறு ஆசனத்தில மூண்டு. எட்டுக் கிழமையில எந்தக் காரணம் மாறினது? 2006 வழக்கு மாறேல்ல. 13 பற்றி அவர் புதுசா ஒண்டும் சொல்லேல்ல.

கோப்பாய்க்காரன்:
வெண்ட பக்கம் ஓடினது. அவ்வளவுதான்.

மட்டுவாவி:
அவ்வளவுதான் எண்டா மட்டக்களப்பிலயும் ஓடியிருக்கவேணும். இஞ்ச தமிழரசுக்கு மூண்டு ஆசனம். யாழ்ப்பாணச் சனம் செப்ரெம்பரில சஜித்துக்குப் போட்டதும் சங்குக்குப் போட்டதும் அந்தந்த ஆளில இருந்த நம்பிக்கையில இல்லை எண்டதுதான் நவம்பரில வெளிச்சத்துக்கு வந்தது. கட்சிச் சண்டையில களைச்ச வாக்கு அது. அதை அநுரவுக்கான ஆதரவு எண்டு கொழும்புத் தம்பி எழுதி வைச்சுக்கொள்ள வேண்டாம்.

கொழும்பு 13:
எழுதி வைக்கேல்ல அண்ணை. நீங்களும் அதைத் தமிழ்த் தேசியத்தின்ரை தோல்வி எண்டோ வெற்றி எண்டோ எழுதாதீங்கோ.

தேயிலைக்கொழுந்து:
எங்கம்மாவோட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. முக்கால்வாசி குடுத்தவருக்கா, குடுக்காதவருக்கா?

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, அம்மாவுக்குச் சொல்லுங்கோ: ஒருத்தருக்கு 1, மற்றவருக்கு 2. எவருக்கு எது எண்டதை மட்டும் அவ முடிவெடுத்தாக் காணும்.

தேயிலைக்கொழுந்து:
சொன்னேன். "ரெண்டு பேரும் என்ன குடுத்தாங்கன்னு எட்டு மாசம் கழிச்சுப் பாத்துட்டு நம்பர் போடுற மாதிரி ஒரு தேர்தல் இருந்தா சொல்லு" ன்னாங்க.